இரண்டாம் இரகசியத்தில் வந்தவள்

...ஏசு என்றுதான் சொன்னாள், இந்தக் காதால் கேட்டேன் என்று ஜெபராஜ் மறுபடியும் சொல்கிறார், பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, வலது காதைத் தொட்டுக் காட்டி, சாமியாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சூசைமேரி முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்கிறாள், இல்லை, ஏசு என்று அந்தப் பெங்காலிக்காரி சொல்லவில்லை, ஏஜாக் என்று சொன்னாள், ஏஜாக், ஏஜாக், இரண்டு தரம், பிறகு பத்தி என்று ஒரு தரம், பத்தி என்றால் விளக்கு, இந்தத் தீவில் கப்பல் இறங்கிய மறுநாளே கற்றுக்கொள்கிற ஹிந்தி வார்த்தை, மழை தகரத்தில் அடித்த அடியில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது, முன்னால் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த சூசைமேரிக்குக் கேட்டது, கோயிலின் பக்கவாட்டு வாசல் அவளுக்கு நாலு முழ தூரத்தில்தான் இருந்தது, கேட்டது மட்டுமா, விளங்கியது... விளங்கியது என்கிற அந்த ஒரு வார்த்தையை ஆறு வாரமாக வாய்க்குள் வைத்திருக்கிறாள், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பூசை முடிந்து அரை மணி ஆகிறது. போர்ட் பிளேரிலிருந்து மாதம் ஒரு தரம் ஏதாவது ஒரு லாரியைப் பிடித்து வண்டூருக்கு வருகிற இந்தச் சாமியார் கோவாக்காரர், சின்ன வயது, போன வருஷம்தான் வந்தார், அவர் வந்த பிறகு பூசை தமிழில் நடக்கிறது, பீடத்துக்கு அந்தப் பக்கம் நின்று சனங்களின் முகத்தைப் பார்த்தே சொல்கிறார், அது ஒரு விதத்தில் கஷ்டமாயிருக்கிறது, முன்பெல்லாம் சாமியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டிருக்கலாம்... இன்றைக்கு யாரையும் எழுந்து போகவிடவில்லை, ஒரு காகிதத்தைப் பிரித்தார், ஒவ்வொரு ஊர்ச் சபையும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம், தன் ஓட்டைத் தமிழில் வாசித்தார். "உங்க பக்கத்துல இருக்கிற சனங்க நடுவுல நீங்க எதுக்கு இருக்கு? ஆண்டவர் உங்கள எதுக்கு இங்க வெச்சாரு? மீன் பிடிக்க மட்டுமா?" சிரித்தார்கள். பதினான்கு குடும்பம், ஒன்பது தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழர்கள், ஐந்து ராஞ்சிக்காரர்கள், மரம் வெட்ட வந்தவர்கள், இவர்களைச் சுற்றி வயல், வயலைச் சுற்றிப் பெங்காலிகள், நாடு பிரிந்தபோது அந்தப் பக்கமிருந்து ஓடி வந்து, ஆளுக்குக் கொஞ்சம் காடும் ஒரு சோடி எருமையும் கொடுத்து இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள், நடுவில் என்றால் அந்த நடுவில்... எதற்கு இருக்கிறோம்? இதை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, மெயின்லேண்டில் பிழைப்பு இல்லை, அதனால் இருக்கிறோம், அவ்வளவுதானே. ஒருவர் மணி வாங்கலாம் என்றார், பெரிய மணியாக, பெங்காலிகளின் குடியிருப்பு வரைக்கும் கேட்க வேண்டும், ராஞ்சிக்கார பௌலுஸ் பள்ளிக்கூடம் வேண்டும் என்றான், அதன் பிறகுதான் ஜெபராஜ் எழுந்தார், காட்டிலாகா டிப்போவில் கிளார்க், எதையும் நின்றுகொண்டுதான் பேசுவார், "சாமி, ஆண்டவரே நமக்குப் பதிலச் சொல்லிட்டாரு," என்றார், எதைச் சொல்லப் போகிறார் என்று சூசைமேரிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல அது அவளுக்கே ஒரு கணம் உண்மை மாதிரி ஆகிவிடுகிறது, எவ்வளவு அழகாகச் சொல்கிறார். "அக்டோபர்ல ஜெபமாலை நடந்துகிட்டிருக்கு சாமி, கொட்டுற மழை, பெங்காலிப் பொம்பள ஒருத்தி வாசல்ல வந்து நிக்கா. மாதாவக் கைகாட்டி ஏசு, ஏசுங்கா. உள்ள வந்து கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா. அன்னைக்கே அவ புருசன் தண்ணில போயிட்டான். அவ ஆத்துமாவுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு பாருங்க, எங்க ஆறுதல் கெடைக்கும்னு." கிறிஸ்துமஸுக்கு அவளை அழைத்து வர வேண்டும், ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும், மந்திரங்கள் சொல்லிக் கொடுத்தால் பாஸ்குத் திருநாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம், அவள் ஒருத்தி வந்தால் அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள், ஆண்டவர் நம்மை இங்கே வைத்தது இதற்குத்தான்... பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், அமுதமாக இருக்கும், அவளுக்கு எதற்கும் அழுகை வரும், அமுதமும் அன்றைக்கு இங்கேதான் இருந்தாள், அநேகமாக எல்லோரும் இருந்தார்கள், மாதாவைக் கைகாட்டினாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், பொய் சொல்லவில்லை, பெட்ரோமாக்ஸ் விளக்கு மாதா சுரூபத்துக்கு நேர் முன்னால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த விரல் மாதாவில் போய் முடிந்திருக்கும், பக்கத்திலிருந்தவளுக்கு விளக்கில் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அது, துக்க தேவ இரகசியங்கள் சொல்லுகிற நாள், அக்டோபரில் இந்தத் தீவில் ஐந்தேகால் மணிக்கே பொழுது விழுந்துவிடும், ஆறு மணிக்குத் தொடங்கினார்கள், முதல் இரகசியம், பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்த வேர்வை வேர்த்தது, அது முடிந்து இரண்டாவது, கற்றூணில் கட்டி அடித்தது, அதில் ஜெபமாலையின் நாலாவது மணியோ ஐந்தாவது மணியோ, வாசலில் ஈரத் துணி சொட்டுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள், வெள்ளைச் சேலை, சிவப்புக் கரை, கணுக்கால் வரைக்கும் சேறு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், பெயர் சாருபாலா, அப்போது பெயர் தெரியாது, உப்பங்கழியோரம் கடைசி வீட்டுக்காரி என்று மட்டும் தெரியும், கடைத்தெருவில் பார்த்திருக்கிறாள், ஏஜாக் என்றாள், விரலை நீட்டினாள், பத்தி என்றாள், பிறகு கையை இருட்டுப் பக்கம், கண்டல் காட்டுப் பக்கம் வீசிக் காட்டினாள், இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும், விளக்கு வேண்டும், அங்கே போக வேண்டும், யாரோ அங்கே இருக்கிறார்கள்... சூசைமேரி மங்கள வார்த்தை செபத்தை நிறுத்தவில்லை, வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, இடது கையைத் தாழ்த்திக் காட்டினாள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சில் பைட்டோ என்றாள், உட்கார். அவளும் உட்கார்ந்தாள். வாசலுக்கு உள்ளே, காலை மடக்கி, சுவரோடு ஒட்டி. இன்னும் மூன்று இரகசியம் இருந்தது, பிறகு மாதா பிரார்த்தனை, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதினான்கு குடும்பமும் ஒரே குரலில்.

ஏன் உட்காரச் சொன்னாய்? இதைத் தனக்குள் எத்தனை விதமாகக் கேட்டாயிற்று. விளக்கைக் கழற்றினால் இருட்டிப் போகும், சின்னப் பிள்ளைகள் கத்தும், செபத்தை நடுவில் நிறுத்தக் கூடாது, ஊரில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், வீடு பற்றி எரிந்தாலும் கையிலிருக்கிற பத்து மணியை உருட்டி முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்று... எல்லாம் சரிதான், எல்லாம் பொய்தான். முதல் வருஷம் அது, அதுவரைக்கும் ஜெபமாலையை வழிநடத்திய பெரியவர் உடம்பு முடியாமல் மெயின்லேண்டுக்குப் போய்விட்டார், இவளைச் சொல்லச் சொன்னார்கள், பொம்பிளை குரலுக்கு ஆம்பிளைகள் பதில் சொல்வார்களா என்று பயந்தாள், சொன்னார்கள், அன்றைக்குக் குரல் நன்றாக வந்தது, மழைச் சத்தத்துக்கு மேலே ஏறி நின்றது, தான் ஏறுகிற இடத்தில் எல்லோரும் ஏறினார்கள், இறங்குகிற இடத்தில் இறங்கினார்கள், அது ஒரு சுகம், நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு சுகம், அதை விட மனது வரவில்லை. அவ்வளவுதான். அதற்கு ஒரு மனுஷன்.

முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே. முடிந்ததும் எல்லோரும் சாருபாலாவைச் சூழ்ந்துகொண்டார்கள், சிரித்த முகங்கள், ஜெபராஜ் தன் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு மாதா படத்தை எடுத்து அவள் கையில் வைத்தார், அமுதம் இரண்டு கை நிறையப் பொரிகடலை கொடுத்தாள், அவள் மறுபடியும் ஏஜாக் என்றாள், ஆமாம் ஆமாம், ஏசு, ஏசு என்று இவர்கள், அதற்குள் ஒருவர் விளக்கின் காற்றைத் திறந்துவிட்டார், புஸ்ஸென்று இறங்கிச் சிவந்து அணைந்தது, அந்த அரை இருட்டில் சாருபாலா ஒரு தரம், ஒரே ஒரு தரம், சூசைமேரியைப் பார்த்தாள், சூசைமேரி பீடத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள், இப்போது சொன்னால் முக்கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே தெரியும் என்று ஆகிவிடும், அதனால் துணியை மடித்தாள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இன்னொரு தரம் பிரித்து மடித்தாள், நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை, தண்ணீர் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பெங்காலிகள் கழியோரம் தென்னங்கீற்றைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நிதாய், நிதாய் என்று கூப்பிடுவது கேட்டது, கீற்று எரிகிறது, மழையில் அணைகிறது, மறுபடியும் எரிகிறது, அதுதான் அவள் புருஷன் பெயர் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் விடிகாலையில் அவனைக் கண்டுபிடித்தது அந்தோணிமுத்து. சூசைமேரியின் புருஷன். வேறு யாராகவாவது இருந்திருக்கக் கூடாதா... கழி வழியாகத்தான் அவர் டிங்கிப் படகைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போவார், திரும்பி வந்து, பிணத்தைக் கரை சேர்த்துவிட்டு, குளித்துவிட்டு, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாதே, சாதாரணமாகத்தான் சொன்னார். "நண்டுக்குப் போயிருக்கான். கண்டல் வேருக்குள்ள காலு மாட்டிக்கிடுச்சு, மரக்கட்ட ஒண்ணு வேற வந்து மேல அமுக்கிருக்கு. கடல் ஏத்தம் ஏற ஏற பக்கத்துக் கெளையெல்லாம் முறிச்சிருக்கான் பாத்துக்கோ, இடுப்பளவுல முறிஞ்சிருக்கு, நெஞ்சளவுல முறிஞ்சிருக்கு, கழுத்துக்கு மேலயும் முறிஞ்சிருக்கு. தோள்ல கெடந்த துண்ட அவுத்து எட்டுற கொம்புல கட்டி வெச்சிருக்கான், வெளிச்சம் பட்டாத் தெரியும்னு. எட்டு மணிக்கு மேலதான் நேத்து நெற ஏத்தம். அதுவரைக்கும் உசிரு இருந்திருக்கும்." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றார். ஊற்றினாள். ஏழு மணிக்கு முன்னாலேயே ஜெபமாலை முடிந்துவிட்டது. எட்டு மணிக்கு மேலேதான் நிறை ஏத்தம். இந்தக் கணக்கைப் போடாதே போடாதே என்று தன்னை அடக்கியபடியே போட்டாள், அன்றையிலிருந்து போட்டுக்கொண்டேயிருக்கிறாள்.

பிறகு கடைத்தெருவில் பெங்காலிக் கடைக்காரரிடம் கேட்டாள், ஏஜாக் என்றால் என்ன என்று, வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே கேட்டாள், கயிறு, மருந்து, படகு, என்னவாவது, அவர் கடைக்குள் திரும்பி மேலே தொங்கிய பெட்ரோமாக்ஸைக் காட்டினார், வாடகைக்கு வேண்டுமா என்றார். நவம்பரில் சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டாள், அண்டை வீட்டுக்காரியோடு சண்டை, பொய் இரண்டு, வெள்ளிக்கிழமை ஒரு தரம் மாம்சம், அதற்கு மேல் வரவில்லை, இதைப் பத்துக் கட்டளையில் எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கொலையா, கொலை இல்லையே, களவா, யாருடையதை, பொய்யும் இல்லை, ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை, செபம் சொன்னாள், அவ்வளவுதான், செபம் சொன்னது பாவம் என்று எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது... இப்போதெல்லாம் இரண்டாம் இரகசியத்தைத் தாண்ட முடியவில்லை, வீட்டில் தனியாகச் சொன்னாலும் நாலாவது மணியில் வாசல் பக்கம் சொட்டுச் சொட்டென்று கேட்கிறது, மழையே இல்லாத நாளிலும், திரும்பினால் ஒருவரும் இல்லை, திரும்பாவிட்டால் நிற்கிறாள், தொண்டை சரியில்லை என்று சொல்லி ஜெபமாலையை அமுதத்திடம் விட்டுவிட்டாள், அமுதத்தின் குரலுக்குப் பதில் சொல்லும்போதும் அந்த இடம் வந்ததும் சூசைமேரியின் வாய் நின்றுவிடுகிறது, ஒருவரும் கவனித்ததில்லை.

"முன்னால இருந்தது சூசைமேரி அக்காதான் சாமி. நான் சொன்னா நம்ப வேண்டாம், அவியகிட்டயே கேட்டுக்கிடுங்க," என்கிறார் ஜெபராஜ். எல்லோரும் திரும்புகிறார்கள். ஆமாம் என்றால் போதும், ஒரு தலையசைப்பு போதும், ஒரு பெண்ணுக்கு ஒரு சேலை கிடைக்கும், சபைக்கு ஒரு பதில் கிடைக்கும், சாமியார் அந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டு லாரி ஏறிவிடுவார், சாருபாலாவும் ஒருவேளை வருவாள், தனியாக இருக்கிறாள், யாராவது கூப்பிட்டால் வருவாள், வந்து அந்த வாசலுக்கு உள்ளே அதே இடத்தில் உட்கார்ந்து, அவள் புருஷன் செத்ததுதான் ஆண்டவர் அவளுக்குக் காட்டிய வழி என்று இவர்கள் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்கத் திருப்பிச் சொல்லி... எழுந்திருக்கிறாள், எழுந்தது தெரியவில்லை, பெஞ்சைப் பிடித்திருக்கிற கைதான் தெரிகிறது.

"அவ ஏசுன்னு சொல்லல சாமி."

"இல்லக்கா, நான் இந்தக் காதால..."

"ஏஜாக்னு சொன்னா. பெங்காலில பெட்ரோமாக்ஸுக்கு அதான் பேரு. புருசனத் தேடுறதுக்கு வெளக்கு கேட்டு வந்தா."

ஜெபராஜின் கை காதுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. "அது... ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சிது?" என்கிறார், குரல் இறங்கிவிட்டது, அவர் கெட்டவர் இல்லை, கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அவர் முகத்திலேயே இருக்கிறது. "அப்பவே வெளங்கிச்சு. வெளங்கித்தான் உக்காரச் சொன்னேன்," என்கிறாள் சூசைமேரி, ஆண்கள் பக்கத்தில் அந்தோணிமுத்து திரும்பிப் பார்ப்பது தெரிகிறது, அந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை. சாமியாருக்குத் தமிழ் பிடிபடவில்லை, க்யா போலா, க்யா போலா என்று ஜெபராஜைக் கேட்கிறார், ஜெபராஜ் ஹிந்தியில் சொல்கிறார், அந்தப் பெண் வெளிச்சம் தேடி வந்தாள் என்று சொல்கிறார், ரோஷ்னி என்கிற வார்த்தையைப் போடுகிறார், சாமியாரின் முகம் மலர்ந்துவிடுகிறது, அச்சா, ரோஷ்னி, என்கிறார், பென்சிலை எடுக்கிறார்... இது நடக்கிறதா, உண்மையாகவே நடக்கிறதா, மறுபடியும் அதே மாதிரி, கேட்டவள் கேட்டது ஒன்று, இவர்கள் காதில் விழுவது ஒன்று. "ரோஷ்னி நஹி, சாமி," என்று தன் கடைத்தெரு ஹிந்தியில் அவளே சொல்கிறாள், மீன் விற்கிற ஹிந்தி, அதில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, "பத்தி. அந்தப் பத்தி. புருசன் கழியில, தண்ணி ஏறுது, தேடணும், அதுக்குப் பத்தி. நான் சொன்னேன், பைட்டோ."

பென்சில் நிற்கிறது. சாமியார் மேலே தொங்குகிற விளக்கைப் பார்க்கிறார், சூசைமேரியைப் பார்க்கிறார். மகளே, ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தாள், சொல்லட்டும், சொல்லக் கூடாது, எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாள் வீட்டுக்கு யார் போனீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். ராஞ்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெபராஜ் அமுதத்தைப் பார்த்தார், அமுதம் தன் புருஷனைப் பார்த்தாள். அந்தோணிமுத்து உடலைத் தூக்கிக்கொண்டு போய்த் அவள் வீட்டுத் திண்ணையில் கிடத்திவிட்டு வந்ததோடு சரி. பதினான்கு குடும்பத்தில் ஒருவரும் போகவில்லை, ஆறு வாரமாக எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள், கிணற்றடியில், வலை காயப்போடுகிற இடத்தில், கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம் என்று, அரை மைல்தான், ஒருவரும் போகவில்லை. சாமியார் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

வெளியே டிசம்பர் வெயில் கண்ணைக் குத்தியது. யாரும் திட்டவில்லை, வழிவிட்டு நின்றார்கள், அந்தோணிமுத்து மட்டும் பலா மரத்தடியில் நின்றிருந்தார், செருப்பில் மண்ணைக் கீறிக்கொண்டு. "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல," என்றார். "ஒங்ககிட்டத்தான் சொல்லவே முடியாது," என்றாள். அவர், "நான் அன்னைக்குக் கோயிலுக்கு வரல. மழைக்கு டிங்கிய ஏத்திக் கட்டிட்டுக் கரையிலதான் நின்னேன். கழி எனக்குக் கண்ண மூடிட்டுப் போற வழி. ஒரு கூப்பாடு போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், "நாந்தான தூக்குனேன் அவன, ஐயோ, நாந்தான தூக்குனேன்," என்றார். அவளுக்குத் தெரியும். கரையில் அவர் நின்றது தெரியும், வீட்டுக்கு வந்தபோது துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், அந்தக் கணக்கும் அவள் போட்டதுதான். அவரைத் தாண்டி வீட்டுப் பக்கம் போகாமல் வயல் வரப்பில் இறங்கினாள், எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை, கூட வரவும் இல்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ, இல்லை, வராததுதான் நல்லது.

அரை மைல்தான், நெல் முற்றி இரண்டு பக்கமும் சாய்ந்து கிடக்கிறது, எல்லா வயலிலும் கூட்டம் கூட்டமாக அறுக்கிறார்கள், பெங்காலிப் பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார்கள், கோயிலுக்குக் கட்டிய சேலையோடு ஒரு மதராஸிக்காரி இந்த வரப்பில் எங்கே போகிறாள் என்று நினைப்பார்கள், என்ன சொல்லப் போகிறாய், சூசைமேரி, என்ன ஹிந்தியில் சொல்லப் போகிறாய், மன்னிப்பு என்பதற்கு மாஃபி என்று ஒரு வார்த்தை இருக்கிறது, பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தை, அதையா... திரும்பிவிடலாம், நாளைக்கு வரலாம், அமுதத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம், கால் நிற்கவில்லை. கடைசி வயலில் சாருபாலா தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள், கரை இல்லாத வெள்ளைச் சேலை இப்போது, கையில் வளையல் இல்லை, வயலில் கால்வாசிகூட முடியவில்லை, மற்ற இடமெல்லாம் சாய்ந்து, கிளிகள் இறங்கித் தின்றுகொண்டிருந்தன, அதற்கு அந்தப் பக்கம் கண்டல் காடு, பச்சையாக, ஒன்றும் தெரியாத மாதிரி. சூசைமேரியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்தது. கோயிலில் அன்றைக்குத் தெரிந்த அதே பார்வை இல்லை, களைத்த பார்வை, அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஹிந்தியில் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு ஞாபகமில்லை, துண்டு துண்டாக, கையால் பாதி, அன்றைக்கு நீ வந்தாய், பத்தி கேட்டாய், எனக்கு விளங்கியது, மற்றவர்களுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது, விளங்கியும் நான்தான் உன்னை உட்காரச் சொன்னேன், என்னால்தான். சொல்லி முடித்துவிட்டு நின்றாள், அரிவாள் சாருபாலா கையில் இருந்தது, அதை வீசினாலும் சரி என்று இருந்தது, அழுதால் சேர்ந்து அழலாம், போய்விடு என்றால் போய்விடலாம். சாருபாலா நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்தாள். யோசித்து, வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "நீ சொன்னதுக்காக உக்காரல."

"பின்ன?"

"பூஜை நடந்துச்சு. பூஜை நடுவுல கூப்பிட்டா தெய்வம் கோவிச்சுக்கும். எங்க ஊர்லயும் அப்படித்தான். நடுவுல எந்திரிச்சு ஓடுனா அவருக்கு ஏதாவது ஆயிடும்னு பயம். முடியட்டும், முடியட்டும்னு உக்காந்தேன். உங்க தெய்வம் பெரிசு, வெளிச்சம் அதுகிட்டத்தான் இருக்கு, அதோட கோவம் வேண்டாம்னு." அரிவாளைக் கை மாற்றினாள். "நீ சொல்லாட்டியும் உக்காந்திருப்பேன்." சொல்லிவிட்டுக் குனிந்து அறுக்கத் தொடங்கினாள், வேலை கிடக்கிறது என்கிற மாதிரி.

மன்னித்துவிட்டாளா? இதற்குப் பெயர் மன்னிப்பா? நீ இல்லை, உன் கை இல்லை என்கிறாள், அப்படியானால் ஆறு வாரமாகச் சுமந்தது தன்னுடையதே இல்லையா, அதை இறக்கி வைத்துவிடலாமா, ஏன் இறங்கவில்லை, இன்னும் கனத்தல்லவா போகிறது... தன் ஒருத்தியின் கைக்குப் பயந்து அவள் உட்காரவில்லை, அந்தப் பதினான்கு குடும்பத்தின் குரலுக்கும், கூரைக்கும், மாதாவுக்கும் பயந்து உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷனைக் காப்பாற்றுவதற்காக. உள்ளே இருந்தவர்களும் தெய்வத்துக்குப் பயந்து எழவில்லை, வாசலில் இருந்தவளும் தெய்வத்துக்குப் பயந்து எழவில்லை, அந்த நேரத்தில் தெய்வம் எங்கே இருந்தது, உள்ளேயா, எல்லோரும் முழந்தாளிட்டிருந்த இடத்திலா, இல்லை, கண்டல் காட்டில் கிளை முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டா... இப்படியெல்லாம் நினைக்கலாமா, பாவமில்லையா, தெரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள், அறுத்துப் போட்ட நெல்லை அரிஅரியாகச் சேர்த்தாள், கட்டத் தெரியவில்லை, கடற்கரையில் பிறந்தவள், கயிறு என்றால் எந்த முடிச்சும் போடுவாள், வைக்கோலைத் திரித்துக் கட்டுவது வேறு, இரண்டு கட்டு அவிழ்ந்து கொட்டியது, சாருபாலா பார்த்தாள், மூன்றாவது கட்டை வாங்கி எப்படி முறுக்கி எங்கே செருக வேண்டும் என்று ஒரு தரம் செய்து காட்டிவிட்டு மறுபடியும் அறுக்கப் போனாள்.

வெயில் சாய்கிற வரைக்கும் அவள் அறுத்தாள், இவள் கட்டினாள். முதுகு விட்டுப் போயிற்று, கோயில் சேலை முழுக்கச் சேறும் சுணையும், தூரத்தில் சாமியார் ஏறிய லாரி போகிற சத்தம் கேட்டு அடங்கியது. நாளைக்கும் வருவதா, வந்தால் என்ன நினைப்பாள், வராவிட்டால் என்ன நினைப்பாள் என்று யோசித்துக்கொண்டு கடைசிக் கட்டைத் தூக்கி வைத்தபோது, சாருபாலா அரிவாளைப் புல்லில் துடைத்தபடி, நிமிராமல், சாதாரணமாகக் கேட்டாள். "உங்க பூஜை எந்தெந்தக் கிழமை? எந்த நேரம்?" நெஞ்சு ஒரு குதி குதித்தது, வெட்கமாக இருந்தது அப்படிக் குதித்ததற்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றாள், புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, வெள்ளிக்கிழமையும் ஆறு மணிக்கு, மே மாதமும் அக்டோபர் மாதமும் தினமும். சாருபாலா தலையை ஆட்டினாள். விரல் விட்டு எண்ணிக்கொண்டாள், உதடு அசைந்தது, இத்வார், புத்வார், சுக்ரவார், பாடம் பண்ணுகிற மாதிரி இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள், வரப்பின் பாதி தூரம் போன பிறகுதான் சூசைமேரிக்கு உறைத்தது, வருவதற்காகத்தான் கேட்டாளா, இல்லை, அந்தக் கிழமைகளில், கூப்பிட்டாலும் யாரும் எழுந்து வராத அந்த நேரங்களில் தனக்கு ஒன்றும் நேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாளா...